நரைக்கத் தொடங்கிய தலைக்கு எடுப்பான நிறம் எது?

யாழ்ப்பாணத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் டை அடிக்க முடிவெடுத்தால் அநேகமாக ஒரே ஒரு நிறம்தான் வீட்டுக்கு வரும்: கறுப்பு. கடையில் "டை பக்கற் ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரரும் மறுகேள்வி கேட்காமல் கறுப்பைத்தான் எடுத்து நீட்டுவார். இளவயதில் தலை கறுப்பாக இருந்தது, ஆகவே இப்போதும் கறுப்பாக்கினால் அந்த வயது திரும்பி வரும் என்பது எல்லோருடைய கணக்கு. கலியாணவீட்டு அல்பத்தைப் புரட்டினால் கணக்குப் பிழைத்திருப்பது தெரியும். முகம் ஒரு வயதைச் சொல்லும், தலை வேறொரு வயதைச் சொல்லும். நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் பளிச்சென்று பிரிந்து தெரியும். கண்ணுக்குக் கீழேயுள்ள கருமை இன்னும் கூடிவிட்டது போலிருக்கும். அதே ஆள் டை அடிக்காமல் நின்ற பழைய படத்தில் இதைவிடக் களையாக இருந்திருப்பார்.

அப்படி ஏன் ஆகிறது, கறுப்பை விட்டால் எதைத் தெரிவது என்று முதல்முறையாக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது இதுதான்: வயது ஏற ஏற, இளவயதுக் கறுப்பைவிட ஒன்றிரண்டு படி இளகிய நிறம்தான் முகத்துக்கு எடுப்பாக இருக்கும். எத்தனை படி, எந்தச் சாயல் என்பதை ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நரைக்கும்போது முகத்துக்கு என்ன நடக்கிறது?

மயிர்க்காலுக்குள் மெலனோசைற் என்ற கலங்கள் இருக்கின்றன. வளரும் மயிருக்கு மெலனின் என்ற நிறப்பொருளைக் கொடுப்பவை இவைதான். வயதாக ஆக இந்தக் கலங்கள் குறைந்துபோகும். பிறகு முளைக்கும் மயிர் நிறமில்லாமல் வளரும், அது நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஏற்கெனவே வெளியே வந்த மயிருக்கு உயிரில்லை. ஆகவே கவலையால் ஒரே இரவில் தலை வெளுத்தது என்பதெல்லாம் கதைதான், வேரிலிருந்து புதிதாக வருவதுதான் வெள்ளையாக வரும். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக மயிர் வளரும். இந்த அளவை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

தலை நரைக்கும் அதே காலத்தில் முகமும் மாறுகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. புருவம் ஐதாகும், அதிலும் நரை விழும். உதட்டின் சிவப்புக் குறையும். கன்னத்தில் மங்கு படரும், வாயோரமும் கண்ணைச் சுற்றியும் கறுக்கும். கண்ணின் வெள்ளையும் முன்போல் பளிச்சென்று இராது. இருபது வயதில் கறுத்த தலைக்கு ஈடாக அடர்ந்த புருவமும் சிவந்த உதடும் துலக்கமான கண்ணும் முகத்தில் இருந்தன. இப்போது முகத்தின் கோடுகள் எல்லாம் மென்மையாகிவிட்டன. அதன் மேல் மைக்கறுப்பை ஏற்றினால், பார்ப்பவர் கண் முகத்துக்கு வராமல் தலையிலேயே நின்றுவிடுகிறது. முகத்துக்கும் தலைக்கும் இடையிலான நிற இடைவெளி அளவுக்கு மீறிப் பெருத்துப்போவதுதான் காரணம். எடுப்பான நிறம் என்றால் இந்த இடைவெளி முகத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும் நிறம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் இயற்கை மயிர் உண்மையில் முழுக் கறுப்பு இல்லை. பிடரியில், நரைக்காத இடத்தில் இருந்து ஒரு மயிரைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்து முற்றத்து வெயிலில் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அது கடும் கபிலமாகத் தெரியும். நுனிப் பக்கம் வெயில் பட்டு இன்னும் இளகியிருக்கும். தலையில் ஆயிரக்கணக்கான மயிர்கள் இப்படிச் சிறிது சிறிது வேறுபட்டு நிற்பதால்தான் இயற்கை மயிரில் ஒளி ஓடுகிறது. பக்கற் கறுப்பு எல்லா மயிரையும் வேரிலிருந்து நுனிவரை ஒரே இருட்டாக்கிவிடும். டை அடித்தது அடுத்த வீதியிலிருந்து பார்த்தாலும் தெரிவதற்கு அந்தத் தட்டையான கறுப்புத்தான் காரணம்.

மயிர் கொட்டி ஐதாகிய தலையில் இன்னொரு சிக்கல். கறுப்பு மயிருக்கு நடுவே உச்சித் தோல் வெளித்துத் தெரியும், வகிடு அகன்றுபோனது போலிருக்கும். நிறம் கொஞ்சம் இளகினால் தோலுக்கும் மயிருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, மயிர் இன்னும் நிறைய இருப்பது போலத் தோன்றும்.

பெட்டியில் உள்ள இலக்கம்

கிறீம் டை பெட்டிகளின் மூலையில் 1, 3, 4, 5.3 என்று ஓர் இலக்கம் இருக்கும். பெட்டியில் சிரிக்கும் பெண்ணின் படத்தைவிட அந்த இலக்கத்தை நம்புங்கள். முதல் இலக்கம் எவ்வளவு இருட்டு என்பதைச் சொல்கிறது. 1 கறுப்பு, 10 மிகவும் வெளிறிய பொன்னிறம். 3 கடும் கபிலம், 4 நடுத்தரக் கபிலம், 5 இளங்கபிலம். கம்பனிக்குக் கம்பனி பெயர்கள் மாறும், இலக்கமும் சிலவேளை ஒரு படி முன்பின்னாக இருக்கும். எனினும் 1க்கும் 4க்கும் உள்ள தூரத்தை எந்தப் பெட்டியிலும் கணிக்கலாம்.

புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் சாயலைச் சொல்கிறது. பொதுவாக .1 என்றால் சாம்பல் சாயல், .3 என்றால் பொன் சாயல். 4, 5, 6 என்பவை செம்பு, சிவப்பு, ஊதா பக்கத்து நிறங்கள். எது எதற்கு என்பதில் கம்பனிகள் ஒத்துப்போவதில்லை, அதனால் பெட்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். புள்ளி இல்லாவிட்டால், அல்லது .0 என்று இருந்தால், எந்தச் சாயலும் ஏறாத இயல்பு நிறம்.

நம் ஆட்கள் பெரும்பாலானோருக்கு இயற்கை நிறம் 1இலிருந்து 3க்குள் இருக்கும். ஆகவே ஐம்பதுகளில் 3, அறுபதுகளில் 4, தலை முழுவதும் வெளுத்தவருக்கு 5 என்று தொடங்கிப் பார்க்கலாம். இது சட்டமில்லை, தொடங்கும் இடம். ஒரேயடியாக 6, 7 என்று ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நரைக்காமல் மிஞ்சியிருக்கும் கறுப்பு மயிரை அந்த அளவுக்கு இளக்கினால் உள்ளேயிருக்கும் செம்மஞ்சள் வெளியே வரும். சில கிழமைகளில் தலை துருப்பிடித்த நிறத்துக்குப் போய்விடும்.

டை மயிருக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. நிரந்தர டையில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் அமோனியாவோ அதுபோன்ற காரமோ இருக்கும், அது மயிரின் மேற்செதில்களை விரிக்கும். அதனோடு நிறமற்ற சிறு மூலக்கூறுகள் உள்ளே போகும். மற்றக் குழாயில் உள்ள ஐதரசன் பேரொட்சைட்டு அவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்கும், அவை பிறகு வெளியே வரமுடியாது. யூஜீன் ஷுவெலர் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1907இல் இப்படிச் செயற்கைச் சாயம் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்றைய லோரியல் கம்பனியின் ஆரம்பம் அதுதான். பேரொட்சைட்டு இயற்கை நிறத்தைச் சற்று வெளுக்கவும் செய்யும். அதன் பலத்தைப் பெட்டியிலோ பியூட்டி பாலரிலோ வொலியூம் கணக்கில் சொல்வார்கள்: 20 வொலியூம் என்றால் 6 வீதப் பேரொட்சைட்டு, 30 என்றால் 9 வீதம். நரையை மூடுவதற்கு 20 போதும். வயதான மயிர் ஏற்கெனவே காய்ந்திருக்கும், அதற்கு மேல் பலமானதைப் போடத் தேவையில்லை.

கிறீம் டை இயற்கை மயிரைத்தான் இளக்கும். ஏற்கெனவே அடித்த டையை இன்னொரு டை இளக்காது. வருடக்கணக்காகக் கறுப்பு அடித்தவர் அதன் மேல் 4ஆம் இலக்கத்தைப் பூசினால் வேர் மட்டும் கபிலமாகும், நீளமெல்லாம் கறுப்பாகவே நிற்கும். இப்படி மாற நினைப்பவர்கள் படிப்படியாக இறங்குவதுதான் நல்லது. நீளத்தில் இனிக் கறுப்புப் படாமல், வேருக்கு மட்டும் முதல் இரண்டு மூன்று முறை 3, அதன்பின் 4 என்று அடித்துக்கொண்டு, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவர வேண்டும். தோளளவு மயிர் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் என்றால் பழைய கறுப்பு முழுவதும் போக இரண்டு வருடமும் சற்றுக் கூடுதலும் பிடிக்கும். அவசரமென்றால் பாலரில் நிறநீக்கி போட்டு எடுப்பார்கள். அதை வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள்.

சாயல்: விறாந்தையில் ஒரு சோதனை

கையிலுள்ள நரம்பு நீலமா பச்சையா என்று பார்த்துத் தோலின் சாயலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் பரவிக் கிடக்கின்றன. பொதுநிறத்துக்கும் கறுத்த தோலுக்கும் அது சரிவராது, நரம்பே தெரியாது. நம் வீடுகளில் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: அலுமாரி நிறையச் சேலை.

காலை ஒன்பது பத்து மணிக்கு விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் ஒரு கதிரையைப் போடுங்கள். முகத்தில் பவுடர், பொட்டு எதுவும் வேண்டாம். டை அடித்திருந்தால் தலையை வெள்ளைத் துவாயால் சுற்றுங்கள். மகளோ மருமகளோ கூட நின்றால் நல்லது.

"அம்மா, இந்த மஞ்சள் சேலையை ஒருக்காத் தோளில போடுங்கோ."

"நான் எங்கயும் போகேல்லையே பிள்ளை, இப்ப ஏன் சேலை?"

"போறதுக்கில்லை அம்மா. உங்கட முகத்துக்கு எது வருதெண்டு பாக்க."

முதலில் கடுகு மஞ்சளோ செங்கல் நிறமோ உள்ள ஒன்று. பிறகு ரோசாவோ ஊதாவோ கலந்த ஒன்று. சேலையைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். எதை வைத்தபோது கண்ணுக்குக் கீழ்க் கருமை தணிந்தது, எதை வைத்தபோது கன்னத்து மங்கு எழும்பி நின்றது என்று கவனியுங்கள். மஞ்சள் பக்கம் முகம் தெளிந்தால் பொன், தேன், செம்பு கலந்த கபிலம் உங்களுக்கு எடுக்கும். ரோசாப் பக்கம் தெளிந்தால் இயல்புக் கபிலம், அல்லது புளியங்கொட்டை நிறம் போன்ற ஊதா கலந்த கருஞ்சிவப்பு எடுக்கும். இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லையா? இயல்பு நிறத்தோடு நில்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை எங்கள் ஊர்த் தோலுக்குச் சாயலில்லாத 4, அல்லது மிக இலேசான பொன் சாயலுள்ள 4 அநேகமாகப் பிழைக்காது.

சாம்பல் சாயலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளைக்காரரின் தோலுக்கு எழுதிய குறிப்புகளில் அதை அதிகம் புகழ்வார்கள். கபிலத் தோலில், அதுவும் ஐம்பதுக்கு மேல், அது முகத்தைச் சோர்ந்த மாதிரிக் காட்டிவிடும். பேகண்டி என்று கேட்டு வாங்கும் சிவப்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெள்ளைச் சேலையில் சாயம் பிடிப்பதற்கும் கறுப்புச் சேலையில் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசமோ அதே வித்தியாசம் நரைத்த மயிருக்கும் நரைக்காத மயிருக்கும் இடையில் உண்டு. பின்தலையின் கறுப்பு மயிரில் சிவப்பு வெயிலில் மட்டும் மின்னும், நெற்றியோரத்து வெள்ளையில் அதுவே கத்தரிப்பூவாகவோ தீச்சிவப்பாகவோ எழும்பும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் அதே இலக்கத்து இயல்பு நிறத்தைப் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள பாலர்க்காரர் கேளாமலே அப்படித்தான் செய்வார்.

"கறுத்த ஆக்களுக்குக் கபிலம் சரிவராது" என்று கடையிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லியே பல பெண்களை அந்தப் பக்கம் திரும்பவிடாமல் செய்துவிட்டார்கள். இதை நான் முற்றாக மறுக்கிறேன். கறுத்த தோலுக்குச் சரிவராதது வெளிறிய மஞ்சள் கோடுகள். தோலின் ஆழத்துக்கு ஈடான 3, 4 இலக்கக் கபிலம் கறுத்த முகத்தில் மிக வடிவாக இருக்கும். வெயிலில் நிற்கும்போது மட்டும் நிறம் தெரியும், நிழலில் கறுப்பென்றே தோன்றும்.

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்யலாம். சீப்பில் விழும் மயிரைச் சில நாள் சேர்த்து, வெள்ளையும் கறுப்புமாக ஒரு சிறு கற்றையை நூலால் கட்டி வையுங்கள். பக்கற் ஒன்றை வாங்கி, ஒரு கரண்டி அளவு மட்டும் கலந்து, கற்றையை அதில் தோய்த்து, பெட்டியில் சொன்ன நேரம் விட்டுக் கழுவிக் காயவைத்து, வெயிலில் பாருங்கள். ரியூப் லைற்றின் கீழ் பார்த்தால் எல்லாக் கபிலமும் ஒன்றுபோல்தான் இருக்கும். தலையில் என்ன வரப்போகிறது என்பதை அந்தக் கற்றை கிட்டத்தட்டச் சரியாகக் காட்டிவிடும்.

நரை எவ்வளவு?

காதோரத்தில் பத்து இருபது வெள்ளை மயிர் மட்டும் இருப்பவருக்கு நிரந்தர டை தேவையே இல்லை. சில தோய்ச்சலில் மங்கிப்போகும் தற்காலிக வகை போதும். அது வேரில் கோடு விடாமல் தானாகக் கரையும்.

பாதிக்குப் பாதி நரைத்த தலைதான் மிகவும் யோசிக்க வேண்டிய தலை. வெள்ளை வேர் மாதம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வருவதால், கறுப்பு அடித்தவருக்கு இரண்டாம் கிழமையே வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். 4 அடித்தவருக்கும் கோடு வரும், ஆனால் எல்லை மங்கலாக இருப்பதால் நாலைந்து கிழமை தள்ளலாம். தலைக்கு இரசாயனம் படும் தடவை குறையும், செலவும் குறையும். எல்லாவற்றையும் மூடாமல், வெள்ளைக்கு நடுவே சில கற்றைகளை மட்டும் கபிலமாக்கும் முறையும் உண்டு. அதில் வேர் வளர்வதே தெரியாது. கைப்பழக்கமுள்ள பாலரில்தான் அதைச் செய்விக்க வேண்டும். காதோரமும் நெற்றியோரமும் உள்ள நரை முரடாக இருக்கும், நிறத்தை எளிதில் பிடிக்காது. வீட்டில் அடிப்பவர்கள் அந்த இடங்களில் முதலில் பூசித் தொடங்கினால் அவற்றுக்கு நேரம் கூடக் கிடைக்கும்.

முக்கால்வாசிக்கு மேல் நரைத்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, டை வேண்டுமா என்பதுதான். கறுத்த முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளி மயிர் ஒளியைத் திருப்பி முகத்தில் விடும். நிற இடைவெளி பெரிதாக இருந்தாலும் அது முகத்தை இருட்டாக்காது. நன்றாக வெட்டி, எண்ணெய் வழியாமல் வைத்திருந்தால் அதற்கு ஈடான நிறம் பெட்டியில் கிடையாது. மஞ்சள் பழுப்பு ஏறினால் கிழமைக்கொரு தடவை ஊதா ஷம்பூ போடலாம், ஊதா மஞ்சளைத் தணிக்கும். இல்லை, எனக்கு நிறம் வேண்டும் என்றால் 5 அடியுங்கள். "இந்த வயதில உனக்கென்னத்துக்கு நிறம்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மருதோன்றி பற்றி

மருதோன்றி இலையில் உள்ள லோசோன் என்ற பொருள் மயிரின் புரதத்தோடு ஒட்டி, நரையைச் செம்மஞ்சளாக்கும். கறுப்பு மயிரில் அவ்வளவாகத் தெரியாது. நரை குறைவாக இருந்தால் அந்தச் செம்மயிர்கள் கறுப்புக்குள் கலந்து வடிவாகத்தான் இருக்கும். நரை அதிகமென்றால் தலை முழுவதும் செம்மஞ்சளாகும். அதைக் கபிலத்துக்குக் கொண்டுவர அவுரி இலைப்பொடி வேண்டும். இரண்டையும் கலந்து பூசினால் கபிலம், மருதோன்றி பூசிக் கழுவிய பின் அவுரியைத் தனியாகப் பூசினால் கறுப்புக்குக் கிட்டவாக வரும். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவே நல்ல வழி. கையாந்தகரையும் செவ்வரத்தையும் மயிருக்கு இதமாக இருக்கும், நரையை நிறமாக்காது. அவுரி ஏறிய மயிரைப் பிறகு பாலரில் வெளுக்கப் பார்த்தால் பச்சை அடிக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"கறுப்பு மருதோன்றி" என்று ஒரு மணித்தியாலத்தில் தலையைக் கறுப்பாக்கும் பொடியைக் கண்டால் அதில் மருதோன்றியைவிட வேறொன்று இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பி.பி.டி. என்ற இரசாயனம், அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

ஒவ்வாமை: இதைத் தாண்டிப் போகவேண்டாம்

பரா-பீனைலீன்டயமீன், சுருக்கமாக பி.பி.டி., கடும் நிற டைகளில் அதிகம் இருக்கும் மூலப்பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் கலவையில் இது 2 வீதத்தைத் தாண்ட முடியாது. சிலருக்கு இது கடும் ஒவ்வாமை தரும்: உச்சி கடித்து எரியும், காதும் நெற்றியும் சிவக்கும், கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும். பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் பதினோராம் வருடம் வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கடுமையாக வரக்கூடும்.

பெட்டியில் "அமோனியா இல்லை" என்று இருந்தால் பி.பி.டி. இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. "மூலிகை" என்று எழுதியிருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலை வாசியுங்கள். தண்ணீரில் கரைக்கும் பொடி டைகளிலும் இது இருப்பது வழக்கம்.

ஆகவே ஒவ்வொரு முறையும், பழகிய டை என்றாலும், 48 மணித்தியாலத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்பக்கத்திலோ ஒரு பொட்டளவு பூசிப் பாருங்கள். கடித்தால், சிவந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள். தலையில் புண் இருக்கும்போது அடிக்க வேண்டாம்.

மிஞ்சிய டையைப் புருவத்துக்கும் இமைக்கும் பூசும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 1930களில் அமெரிக்காவில் இமைக்குப் பூசிய இந்த வகைச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒருவர் உயிரும் இழந்தார். அந்த நாட்டின் 1938ஆம் ஆண்டு அழகுசாதனச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். புருவத்துக்குக் கபிலப் பென்சில் போதும். தலை 4 என்றால் புருவம் தலையைவிடச் சற்றுக் கடுமையாக இருந்தால் முகத்துக்குத் துலக்கம் வரும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு மயிரிலும் படியும். நிறம் மங்கும், மயிர் சொரசொரக்கும். கொழும்பில் ஒரு பாலரில் அடித்த நிறம் ஊருக்கு வந்து இரண்டு கிழமையில் மங்குவதற்கு டையைக் குறை சொல்லிப் பயனில்லை. தோய்ந்து முடிந்ததும் கடைசியாக ஊற்ற, மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ ஒரு செம்பு எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம். மற்ற மாதங்களில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து தலையில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசினாலும் படிவு குறையும். தேசிக்காய்ச் சாறும் அதைச் செய்யும், ஆனால் அதை அலசாமல் வெயிலுக்குப் போனால் மயிர் காயும், நிறமும் போகும்.

எண்ணெய் வைத்து அரப்புப் போட்டு முழுகுபவர்கள் அதை டை அடிப்பதற்கு முந்திய கிழமையில் செய்துவிடுங்கள். அடித்தபின் இரண்டு மூன்று நாள் தலை தோயாமல் விட்டால் நிறம் நிற்கும். சைக்கிளிலோ மோட்டார்சைக்கிளிலோ தினமும் வெயிலில் போகிறவர்களுக்கு நிறம் சீக்கிரம் செம்பட்டை அடிக்கும். குடையோ தலையில் ஒரு துணியோ போதும்.

ஆண்களுக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும், மீசை ஒன்றைத் தவிர. தலையையும் மீசையையும் ஒரே கறுப்பாக்கினால்தான் முகம் அதிகம் இறுகித் தெரிகிறது. மீசையை விட்டுவிடலாம், அல்லது தலையைவிட ஒரு படி இளகிய நிறத்தில் ஐந்து நிமிடம் மட்டும் வைத்துக் கழுவலாம். கிருதாவில் கொஞ்ச நரையை மிச்சம் விட்டால் எல்லாமே இயல்பாக இருக்கும்.

கலியாணத்துக்கோ கோயிலுக்கோ அடிப்பவர்கள் முதல்நாள் இரவு அடிக்கவேண்டாம். நெற்றியில் பட்ட கறை போகவும் நிறம் படியவும் நாலைந்து நாள் வேண்டும். அதற்கு முந்திய இரண்டு நாள் காதுக்குப் பின்னால் பூசிப் பார்ப்பதற்கு. ஆகவே கிழமைக்கு முன்னரே பெட்டி வீட்டில் இருக்கவேண்டும். முதன்முறையாகக் கறுப்பிலிருந்து கபிலத்துக்கு வருபவர் ஒரு மாதத்துக்கு முன் தொடங்கினால், பிடிக்காவிட்டால் திருத்த அவகாசம் இருக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள் என்பதால் கொடியேற்றத்துக்கு முன் அடித்தால் 24ஆம் நாள் தேருக்குள் வேர் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடும். தேருக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் வந்து படம் எடுப்பார்கள் என்றால் பதினெட்டாம் நாளளவில் வகிட்டுக்கும் காதோரத்துக்கும் மட்டும் ஒருமுறை தொட்டுவிடுங்கள், நீளத்துக்குப் பூசத் தேவையில்லை.